நாலு பேருடைய ஓடிபி

பெங்களூரு பீன்யாவில் நான் சட்டை தைக்கிற கம்பெனியில், இனிமேல் சம்பளத்தை வங்கியில்தான் போடுவோம் என்று சொல்லி, கேன்டீனில் ஒரு மேசை போட்டு எல்லோருக்கும் கணக்குத் திறந்தார்கள். விண்ணப்பத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. என் லைனில், அதாவது ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கிறவர்களில், மூன்று பேருக்குச் சொந்தப் போன் கிடையாது. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தால் சம்பளம் வந்த சேதி அவருக்குத்தான் முதலில் போகும் என்று யோசித்தார்கள். மூன்று பேரும் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஏழாவதோடு நின்றவள். போனை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அமுக்கிப் பார்த்து, தப்பாகி, திரும்ப அமுக்கிக் கற்றுக்கொண்டதுதான். அது போதும், லைனில் நான் பெரிய படிப்பாளி. பிறகு அந்த மூன்று பேரும் போன் வாங்கினார்கள், ஆனால் வங்கியில் நம்பரை மாற்ற யாரும் போகவில்லை. அவர்கள் எதற்குக் கார்டைப் போட்டாலும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். நான் ஆறு எண்ணையும் சத்தமாகச் சொல்வேன். ஷிப்ட் விட்டு எல்லோரும் கேட்டில் கூடுகிற இரைச்சலில் வேறு எப்படிச் சொல்வது?

காலர் தைக்கிறவள் ஒருத்தி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அடிக்கடி சொல்லுவாள்: "பூட்டு எங்கிட்ட கீது, சாவி உங்கிட்ட கீது. நீ ஊர உட்டு ஓடாத வரைக்கும் எனுக்கு நல்லா தூக்கம் வரும்க்கா." ஜனங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற இந்த மாதிரிப் பேச்சு என்றால் எனக்கு உயிர். வீட்டுக்குப் போய் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இதையும் அப்படித்தான் சொல்லிப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் மகளுக்குக் காதில் சீழ் வைத்து, எலும்பு வரை போய்விட்டது. வேலூரில் ஆபரேஷன், திங்கட்கிழமை அட்மிஷன். அதற்கான பணம் முழுவதும் அவள் கணக்கில் இருந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரில் கார்டைத் தேய்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. முந்தின நாள் ஷிப்ட் முடிந்ததும் கார்டை என் கையில் வைத்து, "காட்பாடிக்கு ரெண்டு டிக்கெட்டு போட்டுடுக்கா, ஞாயித்துக்கெழமைக்கு" என்றாள்.

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில். ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். போனால், முன்பதிவு வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. போனிலேயே போட்டுவிடலாம் என்று பார்த்தால் அன்றைய நெட் தீர்ந்துபோயிருந்தது. இலவச வைஃபை என்று தேடினேன். கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு வந்தன. சிக்னல் கோடு அதிகமாக இருந்ததைத் தொட்டேன்.

ஒரு பக்கம் திறந்தது. ஆளைச் சரிபார்க்க ஒரு ரூபாய் எடுப்போம், பிறகு திருப்பித் தருவோம், கார்டு எண்ணைப் போடுங்கள் என்றது. என் கார்டு வீட்டில், அவள் கார்டு கையில். ஒரு ரூபாய்தானே என்று எண்ணைப் போட்டேன். கார்டின் பின்னால் உள்ள மூன்று எண்ணையும் போட்டேன். டிங் என்று ஓடிபி வந்தது. போட்டேன். தவறு, மறுபடி முயற்சி செய்யுங்கள் என்றது. மறுபடி டிங்.

நாலு பேருக்கு ஓடிபி சொல்லிச் சொல்லி என் கண் எண்ணை மட்டும்தான் பார்க்கும். மேலே எழுதியிருக்கிற இங்கிலீஷைப் படிக்காது. அன்றைக்கு ஏனோ நாலாவது எண்ணை அடிக்கும்போது பார்வை மேலே போயிற்று. அங்கே ஒரு ரூபாய் இல்லை. இருபத்து நாலாயிரம் என்று இருந்தது.

முந்தின செய்தியைத் திறந்தேன். அதிலும் இருபத்து நாலாயிரம்.

வைஃபையை அணைத்தேன். முதல் ஓடிபியில் பணம் போய்விட்டதா? போனதாகச் செய்தி இல்லை. போகவில்லை என்றும் இல்லை. மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று செய்தி வரும். ஆனால் நாலு கணக்குக்கும் ஒரே நம்பர் இல்லையா, என் கணக்கில் இருப்பதுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பதிவுசெய்த போனிலிருந்து வருகிறது என்று அந்த இயந்திரக் குரலே கண்டுகொண்டு, கார்டின் கடைசி நாலு எண்ணை மட்டும் கேட்டது. முடக்கினால் மறுபடி திறக்க முடியாது, சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. திங்கட்கிழமை கவுண்டரில் தேய்க்கப்போகிற கார்டு அது. புதுக் கார்டு வர எத்தனை நாளோ. அவளைக் கேட்கலாம் என்றால் ஷிப்ட் முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும். அந்தக் குரல் இரண்டாம் முறை கேட்டது. அவள் காசு, அவள் பிள்ளையின் காது, முடிவு மட்டும் என்னுடையது. ஒன்றை அழுத்தினேன்.

மெட்ரோ ஏறி பீன்யாவுக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். எங்கள் கம்பெனி கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற மனுஷன். "ஏனம்மா, லீவு போட்டும் கம்பெனி நெனப்பாவே கீறியா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரைக் கூப்பிடணும் என்று கேட்டு, "சொல்ப நில்லு, கொஞ்சம் இரு" என்று உள்ளே போய் அவளை அழைத்து வந்தார்.

அவள் தலைமுடியில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. "டிக்கெட்டு கெடச்சிதாக்கா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குறைத்துச் சொல்ல நாக்கு வந்தது, விடவில்லை.

"பணம் கீதா, பூட்ச்சா? அத்த மட்டும் சொல்லு."

"தெரில."

"கார்டு?"

"செத்துப்பூட்ச்சி. நான்தான் சாவடிச்சேன்."

"திங்கக்கெழம கவுண்டர்ல எந்தலையவா தேய்ப்பேன்?" என்றாள். வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூப்பர்வைசரிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வங்கிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் பாஸ்புக்கை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

கவுண்டரில் இருந்த அம்மா கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இருபத்து நாலாயிரத்துக்கு ரெண்டு தடவ முயற்சி பண்ணியிருக்காங்க. ரெண்டு தடவையும் ஓடிபிக்கான நேரம் முடிஞ்சிருக்கு. பணம் போகல. எல்லாம் இருக்கு" என்றார்.

இவள் அப்படியே கவுண்டர் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பணம் எடுக்கிற சீட்டை நிரப்பி, முழுவதையும் ரொக்கமாக எடுத்தோம். அந்த அம்மா இவளைப் பார்த்துக் கேட்டார், "ஓடிபி யார் போனுக்கு வந்தது?" நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "நீங்க அக்கா தங்கச்சியா?"

"இல்ல மேடம். ஒரே லைனு" என்றாள் அவள்.

நம்பர் மாற்ற ஒரு படிவம் கொடுத்தார். வழக்கம்போல நான் பேனாவை எடுத்தேன். பெயர், கணக்கு எண் எல்லாம் எழுதிவிட்டுப் போன் நம்பர் கட்டத்துக்கு வந்தேன். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம், எழுதப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத்த நான் எழுதறேன்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. போனில் தன் நம்பரைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள். எட்டாவது எண்ணில் நிறுத்தி, சரியா என்று என்னைக் கேட்கத் திரும்பியவள், கேட்காமல் மறுபடி போனைப் பார்த்துக்கொண்டாள்.