பஸ் என்றொரு ஃபோல்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அகலமான வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. புளிய விறகுப் புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து மேஜையில் ஒருவர், ஆறிய கோவாவை அள்ளி அட்டை டப்பாவில் கொஞ்சம், வெண்ணெய்த்தாளில் கொஞ்சம், பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டிருந்தார். வாணலி ஒன்றுதான், டப்பாதான் வேறு வேறு. கம்ப்யூட்டரில் நம் மென்பொருளின் ஃபோல்டர்களையும் இப்படித்தானே வைத்திருக்க வேண்டும் என்று சட்டென்று உறைத்தது. சிரிக்காதீர்கள், எனக்கு எந்த யோசனையும் அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில்தான் வரும். வந்த வேகத்தில் திரும்பி, “மாப்ள” என்று வாயெடுத்துவிட்டேன்.

பின்னால் யாருமில்லை. என் கூட்டாளி கதிர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

கடைக்கார அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பிய காரணம் வேறு. ஊர் ஊராகப் பால் எடுப்பவர்கள் லிட்டரையும் கொழுப்பையும் போனில் போட, அது கடைக் கம்ப்யூட்டரில் கணக்காக வந்து நிற்கும். இது கதிரும் நானும் சேர்ந்து செய்த மென்பொருள். அண்ணாச்சியின் மருமகள் புதிதாக ஆப்பிள் போன் வாங்கியிருக்கிறார். எங்களுடையது அதில் ஓடாது. “எம்புட்டு விலை குடுத்து வாங்கிருக்கா, இதுல வரலைன்னா எப்படித் தம்பி?” என்றார் அண்ணாச்சி. தீபாவளிக்குள் வரவில்லை என்றால் மதுரையில் வேறு ஆளைப் பார்ப்பதாகவும், கோபமில்லாமல்தான், சொன்னார்.

கம்ப்யூட்டர், சாதாரண போன், இப்போது மூன்றாவதாக இது. பழைய ஃபோல்டர் அடுக்கில் மூன்றாவதுக்கு இடமே இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி நினைத்தாலே எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது பிளீச்சிங் வாடைதான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அடுக்கும் ஒரு குடோனின் மாடியில் எங்கள் அறை இருந்தது. கீழே வெளுத்த துணி வந்து இறங்கும். அந்த வாடை சட்டையில் ஏறி, வீட்டில் அம்மா எங்கேயாவது ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்கும் அளவுக்கு ஊறிவிடும். இன்றைக்கும் மருந்துக்கடையில் பேண்டேஜ் சுருளைப் பார்த்தால் கை தானாக விசைப்பலகையைத் தேடும். கதிர் வ. புதுப்பட்டிக்காரன். வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராஜபாளையத்துக்கு இன்னொன்று. வந்து சேர்வதற்குள் பாதி வேலையை மனதுக்குள்ளேயே முடித்திருப்பான். படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுவான், எனக்குப் பாதிதான் காதில் விழும்.

ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்தது அவன்தான். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெயரெல்லாம் அவனுக்குப் பிடிக்கவில்லை. “ஏலே, பேரப் பாத்ததும் எந்த ஊர்ல போய் எறங்கணும்னு தெரியணும்” என்றான். கம்ப்யூட்டரில் ஓட வேண்டியதை, தன் துணிக் கணக்குக்காக, முதலில் வாங்கியது இதே குடோன்காரர் என்பதால் அந்த ஃபோல்டருக்கு ராஜபாளையம் என்று பெயர். போனில் ஓட வேண்டியதற்கு, பால்கோவாக் கடை அங்கே என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் பொதுவாக இருந்த கணக்குப் பகுதிக்கு என்ன வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பஸ் என்று தட்டிவிட்டான். ரெண்டு ஊருக்கும் போறது அதுதானே என்றான்.

கொஞ்ச நாள் அழகாகத்தான் இருந்தது. பிறகு குடோன்காரர் போனிலும் வேண்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு ராஜபாளையம் முளைத்தது. பால்கோவாக் கடை கம்ப்யூட்டர் வாங்க, ராஜபாளையத்துக்குள் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர். இடையில் சில மாதம் எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, இந்த ஊருக்குள் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டான். கதிர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாக்கப்பட்டு வந்திருக்கு. இருக்கத்தான செய்யும்.”

அப்போது சிரித்தேன். இப்போது ஒரு வரியைத் தேட நாலு ஊர் ஏறி இறங்கும்போது சிரிப்பு வருவதில்லை.

பஸ் ஃபோல்டருக்குள் ஒரு இடத்தில் கொழுப்புக் கணக்கு இருக்கிறது. ஆரம்பத்தில் போன் புள்ளிக்குப் பின்னால் வருவதை மேலே தள்ளி முழுதாக்கும், கம்ப்யூட்டர் கீழே தள்ளும். கான்சாபுரத்தில் பால் ஊற்றுகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கதிரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். வந்து சரிசெய்தவன் அந்த வரிக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பாக, எனக்கென்றே எழுதிவைத்தான்: ‘ஏலே, இதத் தொட்டா கான்சாபுரத்துக்கு நீயே போய்ப் பதில் சொல்லு.’

வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான். படுத்துக்கொண்டே போனில் பேசி, ஒரு ஃபோல்டரைப் பிரித்து வைக்கச் சொன்னான். செத்த நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று வைத்தான். மதுரைக்குக் கொண்டுபோனபோது ரத்த அணுக்கள் இறங்கியிருந்தன. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அண்ணாச்சி கடையிலிருந்து நேராக வ. புதுப்பட்டிக்குப் போனேன். கதிரின் அக்கா ஈஸ்வரி அங்கேதான் பால் எடுக்கிறாள். சொல்லப்போனால் இந்த மென்பொருளே அவளுக்காகத்தான் ஆரம்பித்தது. விடிகாலையில் அக்கா மனக்கணக்குப் போட்டுத் திணறுவதைப் பார்க்க முடியாமல்தான் கதிர் முதல் வரியை எழுதினான். எல்லாவற்றையும் கலைத்து அடுக்க வேண்டியிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“லிட்டரப் போட்டதும் டக்குனு தொகை வருதுல்ல தம்பி, அது அவன் பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரியே இருக்கு. மாத்துறதுன்னா மாத்து. அவன அழிச்சிட்டு மாத்தாத.”

சரிக்கா என்றேன். அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டில், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் நிற்கும். கொழுப்புக் கணக்கு முழுக்கக் கதிர். திரை மட்டும் நான். ஒரு நகல் எடுத்து, என் வழக்கமான அவசரத்தில், ஃபோல்டர்களை நகர்த்திக்கொண்டே கண்ணில் பட்டதையும் திருத்திக்கொண்டே போனேன். பொதுக் கணக்கு வாணலிபோல நடுவில், கம்ப்யூட்டருக்கும் போன்களுக்கும் உரியவை டப்பாக்கள்போல ஓரத்தில். ஆப்பிள் போனில்கூட ஓடியது. பெருமையாக ஒரு கோப்பைத் திறந்து ஓரத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை என் பெயர். கான்சாபுரத்துக் குறிப்புக்குப் பக்கத்திலும் என் பெயர், நானே என்னை மிரட்டி எழுதிக்கொண்டதுபோல. நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒன்றாகச் செய்ததால், அந்த ஏற்பாட்டுக்குப் பழைய கோப்பை அடையாளம் தெரியவில்லை. புதிதாக யாரோ எழுதினார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

நகல்தான். நகல்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதை அழித்தேன்.

மாடி அறையைக் காலி செய்தாகிவிட்டது. அங்கே இப்போது பேண்டேஜ் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். படியேறிக்கொண்டே பேசும் குரல் இல்லை. புதிய அடுக்கில் ஊர்ப் பெயர்களும் இருக்காது. யார் வந்தாலும் புரிகிற, யாருடையதும் இல்லாத பெயர்கள்தான் வரும். அவன் வைத்த பெயர்களை என்னால் காப்பாற்ற முடியாது. வரிகளைக் காப்பாற்றலாம்.

ஆகவே திங்கட்கிழமை பஸ்ஸை மட்டும் எடுக்கப்போகிறேன். உள்ளே ஒரு எழுத்தையும் தொடாமல், ஒரு புள்ளிகூட மாற்றாமல், அப்படியே தூக்கிப் புது இடத்தில் வைத்துப் பதிந்துவிட வேண்டும். திருத்தமெல்லாம் பொறவுதான். மறுநாள் காலை ஈஸ்வரியக்கா பால் எடுத்துப் பார்ப்பாள். தொகை சரியாக வருகிறது என்று அவள் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, ஓரத்தில் அவன் பெயர் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஃபோல்டரில் கை வைப்பேன்.