காலரில் மாட்டிய மிஷின்

என் அக்கா கஸ்தூரியின் புருஷன் ராஜமாணிக்கத்துக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று ஸ்கேன் சொல்கிறது. அவர் சுவாசித்த காற்று சுத்தமாக இருந்தது என்று கம்பெனி கொடுத்த காகிதம் சொல்கிறது. இரண்டிலும் அவர் பெயர்தான் போட்டிருக்கிறது. எது பொய் என்று தெரியாமல் ஒரு மாதமாக எனக்கு மண்டை காய்ந்தது. நான் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். வழி கேட்டால் சொல்வேன், இதற்கெல்லாம் என்ன சொல்வது?

மாமாவுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில். நிலக்கடலை போடும் ஒன்றரை ஏக்கரில் மூன்று அண்ணன் தம்பிகள் பிழைக்க முடியாது என்று இருபத்துநாலு வயதில் கூரை ஷீட் செய்யும் கம்பெனிக்குப் போனார். இருபத்தேழு வருஷம் ஒரே இடம், மூட்டை பிரிக்கிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் நார் அடைத்த மூட்டையைக் கத்தியால் கிழித்து மிஷினில் கொட்ட வேண்டும். சாயங்காலம் கம்பெனி வேனில் இறங்கும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். “விபூதி அபிஷேகம் ஆயிட்டு வந்துட்டாரு பாரு” என்று அக்கா கிண்டல் செய்வாள். நாங்களும் சிரிப்போம்.

கம்பெனியை மூடி எட்டு வருஷம் ஆகிறது. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவர், பதினாலு கிலோமீட்டரும் எங்கேயும் உட்காராமல் நடந்தவர், இப்போது அடி அண்ணாமலையில் வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். அந்த நார்த் தூசி உள்ளே போனால் வெளியே வராது, இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்றார். பீடியைத் தொட்டே பார்க்காத மனுஷனுக்கு இது. அவருக்கு எதிரில் நின்று மூட்டை பிரித்த மணிவேல் அண்ணன் நிலைமை இன்னும் மோசம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார்.

பழைய யூனியன்காரர் விமல்ராஜ்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து லேபர் ஆபீஸில் நஷ்டஈட்டுக்கு மனு போட்டார். அதற்குப் பதில் என்று கம்பெனி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தது. வருஷா வருஷம் அந்த இடத்தில் காற்றைச் சோதித்த கணக்கு. எல்லா வருஷமும் தூசி கம்மி. எல்லாப் பக்கத்திலும் மாமாவின் கையெழுத்து. காற்று இவ்வளவு சுத்தமாக இருந்தால் வியாதி வேறெங்கிருந்தோ வந்தது என்று ஆகிவிடும், மனு தள்ளுபடிதான் என்றார் விமல்ராஜ். விசாரணை புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பிடித்து உட்கார வைத்தேன். ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டால், சோதித்தது உண்மைதான் என்கிறார். டவுனிலிருந்து ஆட்கள் வருவார்களாம். இடுப்பில் ஒரு சின்ன மிஷினைக் கட்டி, அதிலிருந்து வரும் குழாயின் வாயைச் சட்டைக் காலரில் மாட்டிவிடுவார்களாம். மூக்குக்குப் பக்கத்துக் காற்றை அது இழுக்குமாம். லீவே போடாத ஆள் என்பதால் ஒவ்வொரு வருஷமும் இவருக்குத்தான் மாட்டினார்கள். பிறகு என்னமோ தயங்கினார். நான் விடவில்லை.

“அது எனக்கு வைக்கிற டெஸ்ட்டுனு நெனச்சேன் மச்சான். தூசி ஜாஸ்தி காட்டுச்சுன்னா நான் சுத்தமா வேலை செய்யலன்னு ஆயிடும்ல? அதான் மூட்டை கிழிக்கிறப்பல்லாம் குழாய் வாயில கர்ச்சீப்பைச் சுத்திக்குவேன்.”

மிஷின் மாட்டுகிற நாளில் தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போவாராம். சாப்பாட்டு நேரத்தில் வெளியே காற்றோட்டமாக ரொம்ப நேரம் நிற்பாராம். சூப்பர்வைசர் ரிசல்ட் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுப்பாராம். பத்தாவதில் கிடைக்காத பாஸ் மார்க்கை அங்கே வாங்கியிருக்கிறார். உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதைச் சொல்வதா, மறைப்பதா? வாயைத் திறக்கவே கூடாது என்றாள் அக்கா. ஏமாற்றினார் என்று சொல்லி அவர் பெயரையே அடித்துவிடுவார்கள், அப்புறம் மருந்துக்குக்கூட வழியிருக்காது என்று அழுதாள். சொல்லாவிட்டால் அந்தக் கணக்குதான் நிற்கும், மணிவேலும் சேர்ந்து மூழ்குவார். விமல்ராஜையே கேட்டேன். கேஸ் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும் என்று கையை விரித்துவிட்டார். சூப்பர்வைசர் அந்தக் கர்ச்சீப்பைப் பார்த்தாரா, பார்த்தும் பேசாமல் இருந்தாரா? மாமாவுக்கும் தெரியவில்லை. “தப்பு என்னுதா, அவங்களுதா மச்சான்?” என்று மூன்று நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் யாரைக் கேட்பேன்?

புதன்கிழமை நானே ஆட்டோவில் லேபர் ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். அதிகாரி காகிதக் கட்டைக் காட்டி, இதெல்லாம் உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். மாமா ஆமாம் என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மணிவேல் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவர் இருமல் அடங்கும் வரைக்கும் மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாதியில் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்றார்.

கம்பெனி வக்கீல் குதித்து எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார். குழாயை மூடச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்றார் மாமா. அதிகாரி காகிதக் கட்டைத் தள்ளி வைத்தார்.

“மிஷினை மூடினீங்க சரி. அந்தத் தூசியில உங்க மூக்கை ஏன் மூடிக்கல?”

மாமா குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பது போல இருந்தது அவர் முகம்.

“ஒரு கர்ச்சீப்புதான் சார் இருந்துச்சு.”