வலது ஷூவுக்கு ஓர் அடுக்கு

வில்வித்தை கற்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. எண்ணூர் சாலையில் ஒரு ட்ரெய்லர் லாரி என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளி, வலது கால் முறிந்து, எலும்பு கூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. உட்கார்ந்தே இருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கும் வில்வித்தை சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னால் ஓட முடியாது. இது நின்ற இடத்திலேயே நிற்கிற விளையாட்டுதானே என்று போனேன்.

நிற்பதுதான் அதில் பெரும்பாடு என்று பிறகுதான் தெரிந்தது.

பயிற்சி கொடுத்தவள் வியாசர்பாடிப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடது கையில் வில்லைப் பிடித்து, நாணைத் தாடை வரைக்கும் இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை தாடையில் அதே இடத்தில் வந்து பதிய வேண்டும். அது எனக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஓர் அம்பு மேலே போகும், அடுத்தது கீழே. சில அம்புகள் பலகையையே தாண்டிப் பின்னால் கட்டிய வலையில் போய்ச் சிக்கும்.

"இன்னாக்கா, பின்னாலயே சாஞ்சிகினு கீறீங்க? நேரா நில்லுங்க."

"நேராத்தானேம்மா நிக்கிறேன்."

அவள் என் தோளை அழுத்தி இறக்கிவிடுவாள். நாணை இழுத்ததும் அது மறுபடி காதுப் பக்கம் ஏறிவிடும். இப்படியே மழைக்காலம் வரை போனது. ஒருநாள் அவள் போனில் படம் பிடித்துக் காட்டினாள். ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்குகிறவள் மாதிரி இருந்தேன்.

"கால்ல எதுனா அடிபட்டுதா?" என்றாள்.

நான் தாங்கித் தாங்கி நடப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமலிருப்பது எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார்கள். "இல்லையே" என்றேன். அவள் அங்கிருந்து நகரவில்லை. அப்புறம் மண்ணில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன்.

அவள் என்னை எழுப்பி நிறுத்தி, இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தாள்.

"வலது பக்கம் எறங்கிகீது. அந்தக் கால் நீளம் கொஞ்சம் கம்மியா கீது. இத்த நான் மொதல்லயே கேட்டிருக்கணும். சும்மா உங்கள பேஜாரு பண்ணிகினு இருந்துட்டேனேக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை.

ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மடித்து என் வலது ஷூவுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் கல்மண்டபத்தில் செருப்பு தைப்பவரிடம் போய், அதே கனத்துக்கு ரப்பர் அடுக்கு ஒன்று ஒட்டச் சொன்னேன்.

உடனே எதுவும் சரியாகிவிடவில்லை. அதுவரை சோம்பிக் கிடந்த தொடைத் தசையெல்லாம் வலித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எய்த அம்பெல்லாம் நடுவை விட்டு விலகி, இடது கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் குத்தி நின்றன. நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு முகம் செத்துப்போனது. அவளோ கை தட்டினாள்.

"தப்பு ஒரே எடத்துல வுழுதுக்கா! இனிமே சைட்ட நகத்தினா போதும்."

வில்லில் குறி பார்க்கிற அந்தச் சின்னக் கருவியைத் துளி இறக்கி, துளி இடது பக்கம் தள்ளினாள். மறுபடி எய்தேன். முதல் அம்பு மஞ்சளைச் சுற்றியிருக்கும் சிவப்பில் விழுந்தது. அடுத்தது மஞ்சளில், கோட்டை ஒட்டி.