உமையாள் பெயருக்கு ஒரு முகவரி

நயினார்கோவிலைத் தாண்டி, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில் இருக்கிறாள் உமாமகேஸ்வரி. குண்டு மிளகாய் போடுகிற வீடு. புருஷன் இருளாண்டி நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற மனுஷர். இரண்டு பேருக்கும் ஒரே மகள், உமையாள். ராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த ஊரில் உமையாள் என்ற பெயரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. பெற்றவள் மனசு நொந்துபோகுமாம். 'உன் பிள்ள', 'அந்தப் புள்ள', ரொம்பப் போனால் 'அன்னைக்கு நடந்தது'. நல்ல மனசுக்காரர்கள் கூடிச் செய்கிற கொடுமைக்கு ஈடே கிடையாது. உமாமகேஸ்வரி ஏங்கியதெல்லாம் யாராவது ஒரு ஆள், தெரியாத ஆளாக இருந்தாலும் சரி, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்க வேண்டும் என்பதற்குத்தான்.

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். வழி மகள் சொன்னதுதான். களத்தில் மிளகாய் வத்தலை மூட்டை பிடிக்கும்போதெல்லாம் உமையாள் சண்டைக்கு வருவாள். "நம்ம வத்தல வாங்கிட்டுப் போயி எவனோ அவன் பேரப் போட்டு விக்கிறான். நாமளே பேரு வச்சு, நெட்ல போட்டு வித்தா என்னம்மா?" அப்போது உமாமகேஸ்வரி காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கிக்கொண்டாள். மிளகாய்த்தூள் பாக்கெட்டில் 'உமையாள்' என்று போட்டுவிட்டால், வேண்டுகிறவர்கள் போன் அடித்து, "உமையாளுங்களா?" என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள் ஜெயசுதா. கெட்டிக்காரப் பெண். உமாமகேஸ்வரி அவளிடம்தான் போனாள். தொழிலின் பெயரை ஆதாரை வைத்துப் பதியலாம், உணவுப் பொருள் லைசென்ஸ் வாங்கலாம், எல்லாம் நம்மிடமே முடியும் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"உமையாள் மிளகாய்னு வெப்சைட் அட்ரஸ் சும்மாதான் இருக்குக்கா. மொதல்ல இதப் புடிச்சுப் போட்ருவோம். இது காலி மனை மாதிரி, வேற யாராச்சும் வேலி போட்டுட்டா நாம ஒண்ணும் கேக்க முடியாது."

"இன்னைக்கேவா? ஆடி பொறந்திருச்சேத்தா."

"கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா ஆடி?"

"எம்பிள்ள பேருல தொடங்குறது. ஆவணி மொத முகூர்த்தத்துல வாரேன்."

ஆடியில் புது வீடு புக மாட்டோம், பெண் பார்க்கப் போக மாட்டோம், மாடு கூட வாங்க மாட்டோம். அந்தக் கணக்கில் வெப்சைட் முகவரியையும் சேர்த்துவிட்டாள் உமாமகேஸ்வரி. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஜெயசுதாவும் அதற்கு மேல் வாதாடவில்லை.

இதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. ஆவணியில் தொழில் தொடங்குவதற்கு அழைப்புக் கார்டு அடித்தார்கள். 'உமையாள் மிளகாய்' என்று பெரிதாக, அடியில் அந்த வெப்சைட் முகவரி. கார்டு அடித்தால் குலசாமிக்கு அடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே வைக்க வேண்டும்? மகள் போய்விட்டாலும், அந்தக் காளிதாஸ் வருஷம் திரும்புவதற்குள் முருகேஸ்வரி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டாலும், மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். உள்ளே எரிச்சல் இல்லாமலில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் கார்டு என்று தட்டை நீட்டினார்கள் புருஷனும் பெண்டாட்டியும்.

காளிதாஸ் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். கார்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்த, இந்த அட்ரஸு பதிஞ்சாச்சா?"

"ஆவணி பொறக்கட்டும்னு இருக்கோம் மாப்ள."

அவன் தலையை ஆட்டினான். முருகேஸ்வரி காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று நெற்றி நிறையத் திருநீறோடு போய் உட்கார்ந்தாள் உமாமகேஸ்வரி. ஜெயசுதா தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள்.

"யாரோ எடுத்துட்டாகக்கா. பேரு காட்ட மாட்டேங்குது. தேதி மட்டும் இருக்கு."

தேதியைச் சொன்னாள். தட்டு வைத்துவிட்டு வந்த மறுநாள். உமாமகேஸ்வரிக்கு அதற்கு மேல் பெயர் தெரிய வேண்டியிருக்கவில்லை. தன் கையாலேயே மகளின் பெயரைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாரிச் சுருட்டி எழுந்தவள் காளிதாஸ் கடையில் போய்த்தான் நின்றாள். வழியெல்லாம் விடுவதற்குச் சாபம் சேர்த்துக்கொண்டே போனாள். ஆனால் கடை வாசலில் மரியாதைதான் முந்திக்கொண்டது.

"எம்பிள்ள பேர நீங்களா மாப்ள எடுத்தீக?"

அவன் பொய் சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ஆமா அத்த."

"விக்கிறதுக்கா?"

"ஐயோ, இல்லத்த." அவன் எழுந்து வந்தான். "பாக்கெட்ட என்ன பண்ணுவாக? பல்லால கடிச்சுக் கிழிப்பாக. கொட்டிக்கிட்டுக் குப்பையில வீசுவாக. பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையப் பாத்துட்டுத்தான வாரீக? அதுல அவ பேரு மெதக்கணுமா? என்னால பாக்க முடியாதுத்த."

உமாமகேஸ்வரி கடை வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கல்யாணம் ஆனதும் வீட்டுல அவ போட்டோ இருக்க வேணாம்னாக. கழட்டிட்டேன். சேலையெல்லாம் எடுத்துக் குடுக்கச் சொன்னாக. குடுத்துட்டேன். இத எடுத்துட்டா பாக்கெட்டுல அவ பேரப் போடாம விட்ருவீகன்னு நெனச்சேன். அதுல ஒண்ணும் போடலத்த. அவ பேரு மட்டுந்தான் இருக்கு. நீங்க கேட்டா இப்பவே உங்க பேருக்கு மாத்தித் தாரேன்."

போனைத் திறந்து நீட்டினான். வெள்ளைப் பக்கம். மேலே 'உமையாள்' என்று ஒரே ஒரு சொல். படமில்லை, விலையில்லை. வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டவன் என்று இவனை எத்தனை ராத்திரி திட்டியிருப்பாள்! இவனும் தன்னைப் போலத்தான் கிடந்து தவிக்கிறான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் துக்கம் குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. கேட்டால் கொடுத்துவிடுவான். வாங்கிப் பாக்கெட்டில் போட்டால் அவனிடம் ஒன்றும் மிஞ்சாது.

"நீங்களே வச்சுக்கங்க மாப்ள," என்றாள். "வருசா வருசம் புதுப்பிக்கணுமாமே, மறந்துறாதீக."

பிரவுசிங் சென்டருக்குத் திரும்பி வந்தவளிடம் ஜெயசுதா, "வேற பேரு சொல்லுங்கக்கா," என்றாள்.

"எதையாச்சும் போடுத்தா."

ஜெயசுதாவே யோசித்துக் 'கரிசல் குண்டு' என்று போட்டாள். அந்தப் பெயரில் முகவரியும் காலியாக இருந்தது, தொழில் பதிவும் தடையில்லாமல் முடிந்தது. கையில் சான்றிதழோடு நயினார்கோவில் பஸ்ஸில் ஏறிய உமாமகேஸ்வரி, ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதாள். மகள் இன்னொரு முறை செத்துப்போனது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, வீணாகிப்போன கார்டுகளைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்று எடுத்தால், மகள் பெயருக்கு நடுவே கிழிக்கக் கை வரவில்லை. மாப்பிள்ளை சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது. கார்டையெல்லாம் துணி சுற்றி மச்சுமேல் போட்டுவிட்டாள்.

தொழில் என்னவோ நடக்கத்தான் செய்தது. இருளாண்டி காம்பு கிள்ளுவார், அவள் மில்லில் அரைத்து வந்து பாக்கெட் போடுவாள். வெளியூர்க்காரர்கள் போன் அடித்து, "கரிசல் குண்டா?" என்பார்கள். "ஆமா" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில் அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் திருப்பூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "தூள் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இனி உங்ககிட்டயே வாங்கிக்கறேன். நம்பரை சேவ் பண்ணிக்கறேன், உங்க பேரு சொல்லுங்கக்கா."

உமாமகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"உமையாள்."

அவள் யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. முற்றத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த இருளாண்டியின் கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி காம்பு கிள்ளத் தொடங்கினார்.

"அழகான பேருங்க! சரிங்க உமையாக்கா, அரைக் கிலோ அனுப்பி விடுங்க."

அந்தப் பெண் சொல்லி இன்னொருத்தி, அவள் சொல்லி மற்றொருத்தி என்று இப்போது அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் போன் மணி அடித்ததும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

"உமையாள் இருக்காங்களா?"

"இருக்கேன் தாயி, சொல்லு," என்பாள் உமாமகேஸ்வரி. என்ன வேண்டும், எந்த ஊருக்கு என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். போனை வைத்த பிறகுதான் அழுவாள்.