ஒற்றைப் பாம்பு

அம்மா படுத்திருந்த திருச்சி ஆஸ்பத்திரியின் முகப்பில் சிறகு முளைத்த ஒரு கோலும், அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு பாம்புகளும் இருந்தன. நோயாளியை வாசலிலேயே பயமுறுத்தி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. எட்டு வயதில் எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. லால்குடியில் எங்கள் மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் அப்போதுதான் பைபிளில் வரும் மோசேயின் கதை நடந்திருந்தது. பாலைவனத்தில் பாம்பு கடித்த ஜனங்களுக்காக மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் ஏற்றினார். அதை நிமிர்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அம்மாவை எப்படியாவது வாசலுக்கு அழைத்து வந்து ஒரு தடவை காட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

மாமாதான் அதில் மண்ணைப் போட்டார். அம்மாவின் தம்பி, மருந்து கம்பெனியில் ரெப். வாய் சும்மா இருக்காது.

"இது வைத்தியக் கோலே இல்ல பாப்பா. அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல வைத்தியத்துக்குன்னு ஒரு சாமி இருந்துச்சு. அது கையில ஒரு கம்பு, ஒரே ஒரு பாம்பு. பாம்பு சட்டைய உரிச்சிட்டுப் புதுசா வருதுல்ல, அந்த மாதிரி நோயாளியும் எந்திரிச்சு வரணும்னு அர்த்தம். ரெண்டு பாம்பும் றெக்கையும் வேற சாமியோடது. அது வியாபாரிங்க சாமி."

கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க போல," என்றார். அப்பா சிரிக்கவில்லை.

தப்பான பாம்புக்குக் கீழே படுத்திருந்தால் அம்மாவுக்கு எப்படிக் குணமாகும்? மோசே செய்ததும் ஒற்றைப் பாம்புதானே. மாமாவின் பைக்கில் அப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அழுது அடம்பிடித்து வாங்கினேன். பிய்க்கும்போது வால் நுனி கிழிந்துவிட்டது. சலைன் பாட்டில் மாட்டும் கம்பியில், அம்மாவின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். நர்ஸ் அக்கா திட்ட வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, சலைன் பாட்டிலை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனார்.

"பாத்துக்கிட்டே இரும்மா. கண்ண மூடாத."

"பாக்குறேன்டி," என்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டும் பார்த்தாள்.

அந்த வாரமே டாக்டர் அப்பாவை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். திரும்பி வந்த அப்பா, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க," என்றார். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். மாமா ஒரு கேலியும் பேசாமல் சுவரைப் பார்த்து நின்றார். ஸ்டிக்கர் போன வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் அம்மா அப்பாவின் கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. தண்ணி போறதப் பாக்கணும் போல இருக்கு."

"இங்க எதுக்கும்மா? அடுத்த வாரம் முக்கொம்புக்கே போயிடலாம். அங்க ரெண்டு ஆறும் தெரியும்," என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா, அங்கயே பாத்துக்கலாம். போகச் சொல்லுங்க," என்றாள்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாலத்துத் தூசி கண்ணில் விழுந்திருக்கும் என்று, நான் எழுந்து அம்மாவின் தலைமாட்டில் ஆற்றைப் பார்த்துத் திறந்திருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.