தொட்டிக்குள் நின்றவன்

பிள்ளைகளே, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறவைத்தே நான் ஓய்ந்துபோயிருந்தேன். ஞாயிறன்று நாற்றம் போகப் புளி தேய்த்துக் குளித்துவிட்டு மாதா கோயிலுக்குப் போவேன். முழங்காலிட்டு மனப்பாடமாகச் சொல்வேன்; மனசிலிருந்து ஜெபம் வராது.

மதியம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு. தொட்டிக்குள் முதுகு காட்டி நிற்கும் ஒருவன் கூப்பிடுவான்; நான் பயந்து ஓடுவேன்.

கூட வேலை செய்த பாயிடம் சொன்னேன்.

"இன்னா வேணும்னு நின்னு கேளுய்யா. மேஸ்திரியா இருந்தா மட்டும் ஓடு" என்று சிரித்தார்.

மறுநாள் கனவில் நின்று கேட்டேன். அவன் திரும்பினான். என் முகம்!

"என்னையும் கோயிலுக்கு இட்டுக்கினு போ" என்றான்.

அன்று மாலை வேலை முடிந்ததும் குளிக்காமல் நேரே கோயிலுக்குப் போனேன். பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"ஆண்டவரே, அலுத்துப்போச்சு" என்றேன். அவ்வளவுதான் வந்தது; கூடவே அழுகையும் வந்தது. மனப்பாடமாகச் சொன்ன எந்த ஜெபத்திலும் நான் அப்படி அழுததில்லை.