செல்வி புள்ளி புள்ளியாக எடுத்த அம்மன்

...புளி போட்டுத் தேய்த்த பித்தளைக்கு ஒரு வாசம் உண்டு இல்லையா, கையில் ரெண்டு நாள் நிற்குமே, அந்த வாசத்தைத்தான் சொல்ல வந்தேன், கேளுங்கள். ஒரு மூடிய அறை. பங்குனி வெக்கை. ஜன்னலில் எல்லாம் கறுப்புக் காகிதம். நடுவில் எங்கள் வீட்டு மாரியம்மன், சுற்றுகிற மசாலா ஸ்டாண்டு மேலே உட்கார்ந்திருந்தாள்!

சிரிக்காதீர்கள். பதினைந்து வருஷத்துக்கு முந்திய கதை.

அப்போது எம். புதுப்பட்டியில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. மகள் செல்வி கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

அம்மன் ஒரு ஜாண் உயரம்தான். மாமியார் போன பிறகு பன்னிரண்டு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் நான்தான் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தேன். ஆனால் எங்கள் வழக்கப்படி, மூத்த மகன் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சினால் வீட்டுச்சாமி அங்கே போய்விட வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன் சூலக்கரைப் பக்கம் கட்டி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மனை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியும் விட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்விதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழாதம்மா. எனக்கும் புராஜெக்டுக்கு ஒரு உருவம் வேணும். நம்ம அம்மனையே கம்ப்யூட்டருக்குள்ள எடுத்து வச்சுர்றேன். திருப்பித் திருப்பிப் பாத்துக்கோ."

"போட்டோவா?"

"போட்டோ இல்லம்மா. லேசர் கோடு ஒண்ணு அம்மன் மேல ஊர்ந்து போகும். பட்ட எடமெல்லாம் ஒரு புள்ளி. லட்சக்கணக்குல புள்ளி சேரும். ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு சின்ன வட்டத்த ஒட்டிட்டா, எல்லாம் சேந்து உருவமாயிரும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரர் பிரஸ் லென்ஸை எடுத்துவந்து, சுவரில் தொங்கிய காலண்டர் முருகன் மேல் வைத்தார். "இங்கன பாரு."

மூக்கும் இல்லை, முழியும் இல்லை... நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வெறும் புள்ளி. லென்ஸை எடுத்தால் முருகன் சிரிக்கிறார்.

"இது தட்டை. ஒம் மக சுத்திவரப் புள்ளி வைக்கப் போறா, அம்புட்டுத்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பம். சாமியை அழுக்கோடா படம் எடுப்பது? நான் விடிந்ததுமே புளி போட்டுத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி வைத்துவிட்டேன். தங்கம் மாதிரி மின்னினாள்.

செல்வி ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது. லேப்டாப்பில் சேலை மடிப்பு வந்தது. கை வந்தது.

முகம் வரவில்லை. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

"வேண்டாம்டி... அவளுக்கு இஷ்டமில்ல. மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா! ஒன்ன யாரு எண்ணெய் தடவச் சொன்னது? பளபளன்னு இருந்தா வெளிச்சம் வேற பக்கம் தெறிச்சிரும், கேமராவுக்குத் தெரியாது. மங்கலா, வெள்ளையா இருக்கணும். பவுடர் டப்பாவ எடுத்துட்டு வா."

"அம்மனுக்கு மூஞ்சிப் பவுடரா? வாயக் கழுவுடி!"

எழுந்து போய்க் கடலைமாவு போட்டு எண்ணெயை எடுத்தேன். ஈரம் போகத் துடைத்தேன். திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து, மெல்லிய துணியில் சலித்து, தலையிலிருந்து பாதம் வரை பூசினேன். வாயில் என்னென்னவோ முணுமுணுத்தேன், ஞாபகமில்லை. பித்தளையே தெரியாமல் சாம்பலாய் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி எடுத்தாள்.

இந்தத் தடவை கன்னம் வந்தது. மூக்குத்தி வந்தது. உதட்டோரத்துச் சிரிப்பும் வந்தது.

ஆசை யாரை விட்டது? "இன்னும் பெருசாக்கு" என்றேன். கிட்டே போகப் போக முகம் பிரிந்து, புள்ளி வேறு இடைவெளி வேறாகிவிட்டது. பதறிப்போனேன். "கொஞ்சம் தள்ளியே நின்னு கும்புடும்மா" என்று செல்வி பின்னால் இழுத்தாள். மறுபடி முழுசாக வந்துவிட்டாள் தாய்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

"என்னத்தா, எனக்குப் பித்தளையக் குடுத்துட்டு அம்மன நீ வச்சுக்கிட்டியாக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம பஸ் ஏறி வந்துரு. எனக்கு ஒன்ன மாதிரிப் பொட்டு வைக்க வராது" என்றார்.

ரெண்டு மூணு வருஷம் விடாமல் போனேன். பிறகு முழங்கால் விடவில்லை...

செல்வி இப்போது பெங்களூரில் இதே வேலைதான். போன வாரம் பேரனைச் சுற்றி ஒரு நடை நடந்து, போனிலேயே எடுத்து அனுப்பினாள். தலைமுடி, கண்ணில் இருக்கிற ஈரம், எல்லாம் வந்திருக்கிறது. மின்னினாலும் பிடிக்கிறதாம். கறுப்புக் காகிதம் வேண்டாம், திருநீறும் வேண்டாம். நல்லதுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நான் திறந்து பார்ப்பது அந்தப் பழைய சாம்பல் அம்மனைத்தான். தள்ளி உட்கார்ந்து.

ஐயோ, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது... பீடத்தின் அடியையும் எடுக்க வேண்டும், அம்மனைப் படுக்க வைக்கட்டுமா என்று அன்றைக்கு செல்வி கேட்டாள். சாமியைப் படுக்க வைப்பதாவது என்று நான் விடவில்லை. அடி மட்டும் கம்ப்யூட்டருக்குள் வரவில்லை. அந்த அடியில்தான், தனக்கு ஒரு பேரப்பிள்ளை பிறக்கும்போதெல்லாம் என் மாமியார் ஊசியால் ஒரு கோடு கீறி வைப்பார். அக்காவுக்கு மூன்று. எனக்கு இரண்டு. ஒன்று செல்விக்கு. இன்னொன்று, அவளுக்கு முன்னால் பிறந்து பதினோரு நாள் இருந்த பிள்ளைக்கு.